அக்கா செய்த ஸ்லைடு

கருத்தரங்கு அறையின் விளக்குகளை அணைத்ததும் எதிர்ச்சுவரில் இரண்டே வரிகள் தெரிந்தன. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பூ வேலைப்பாடு இல்லை, ஓரத்தில் கோடுகூட இல்லை. "கீழ இருந்தப்போ தூசியத் தேடி நாங்க போனோம். மேல வந்தப்புறம் எங்களத் தேடி தூசி வருது." அதன் அடியில் சின்ன எழுத்தில் 'முன்னாள் சுரங்கத் தொழிலாளி, கோரமண்டல்' என்று இருந்தது. பெயர் போடவில்லை. எனக்குப் பெயர் வேண்டியிருக்கவும் இல்லை. அந்த இழுவை, 'வந்தப்புறம்' என்று சொல்லி மூச்சு வாங்கிக்கொள்ளும் அந்த இடைவெளி, எல்லாம் என் அப்பாவுடையது. பத்தொன்பது இருபது வருடம் ஒரே வீட்டில் அவரோடு இருந்தவள் நான். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை ஒரு கல்லூரிச் சுவரில், மற்றவர்களோடு சேர்ந்து, முதல்முறையாகப் படித்தேன்.  யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றில் ஏதோ எரிந்தது.

அந்த ஸ்லைடைச் செய்தவள் என் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள். அந்தச் சில மாதங்களுக்காக நான் ஆயுள் முழுக்க அவளை 'அக்கா' என்று அழைக்க வேண்டும், அவள் என்னை 'வாடி, போடி' என்பாள். ஒரே வகுப்பில் படித்தோம், கோரமண்டலில் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய ஒரே வரிசை லைன் வீடுகளில் வளர்ந்தோம். அக்காள் தங்கையைக் கட்டிய இரண்டு பேரும், அதாவது பெரியப்பாவும் என் அப்பாவும், சுரங்கத்தில் ஒரே ஷிப்ட்டில் இறங்கியவர்கள். பெரியப்பாவை நெஞ்சு நோய் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. அக்காவுக்கு அவர் முகம் சரியாக நினைவில்லை. சுரங்கத்தை மூடியபோது என் அப்பா மிச்சமிருந்தார். பிறகு அவர் விடியற்காலை ரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனி வாசலில் காவல் நிற்கும் ஆளானார். பண்டிகைக்கு எனக்குத் துணி எடுத்தால் அக்காவுக்கும் எடுப்பார். ஒரே நிறம், ஒரே பூ. அதைப் போட்டுக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் 'பெரியவளுக்கு எடுப்பா இருக்கு' என்பார்கள். ஆக, எரிச்சல் அந்தச் சுவரில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அன்று அதற்கு ஒரு முகம் கிடைத்தது, அவ்வளவுதான்.

கல்லூரி ராபர்ட்சன்பேட்டையில். கடைசி வருடம் எல்லாரும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு விஷயத்தை ஆராய்ந்து, ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். நன்றாகச் செய்கிற ஜோடியைப் பெங்களூரில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அனுப்புவார்கள். எங்கள் துறைத் தலைவி வரிசை எண்படி ஜோடி பிரித்தபோது நானும் அக்காவும் ஒன்றாக விழுந்தோம். தலைப்பை நான்தான் சொன்னேன். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல்நிற மண் குன்று குன்றாகக் கிடக்கிறது. சயனைடு மேடு என்போம். காற்றுக் காலத்தில் அதன் உச்சியிலிருந்து புகைபோலத் தூசி கிளம்பும். சோற்றில் நறநறக்கும், கொடியில் போட்ட துணியில் படியும், ஏற்கெனவே பழுதான நெஞ்சுகளில் போய் உட்காரும். மேட்டுக்குப் பக்கத்து வீடுகளில் இருமல் எவ்வளவு, தள்ளியிருக்கும் வீடுகளில் எவ்வளவு என்று கேட்டு எழுதுவது என் யோசனை.

நடந்தவள் நான். கோரமண்டலிலும் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலும் லைன் லைனாக ஏறி இறங்கினேன். கையில் கேள்வித்தாள் இருக்கும். யாருக்கு இருமல், எத்தனை காலமாக, மருந்து உண்டா, ராத்திரி தூக்கம் உண்டா என்று மளமளவெனக் கேட்டு மளமளவெனக் குறித்துக்கொள்வேன். அக்கா சில நாள் கூட வந்தாள். வந்தால் வேலை நடக்காது. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அவர்கள் டீ போட்டுக் கொடுப்பார்கள், அவள் குடித்துக்கொண்டே இருப்பாள். "அக்கா, இன்னும் ரெண்டு லைன் கீது, வா" என்று நான் இழுக்க வேண்டும். அதனால் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தகவல் சேகரிப்பது என் பொறுப்பு, ஸ்லைடு அவள் பொறுப்பு. அப்பா காவல் காத்த கம்பெனியில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய லேப்டாப் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அதில் வேலை செய்ய அவள் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

ஸ்லைடு அவள் பொறுப்பு என்றாலும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நானாக ஒரு தொகுப்பைச் செய்து அவளிடம் காட்டினேன். மேலே நீலம், கீழே போகப்போக ரோஜா நிறம். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து சத்தத்தோடு உட்காரும். தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு தங்கக்கட்டி சுழன்றுகொண்டிருக்கும். நான் போய்வந்த வீடு ஒன்று விடாமல் ஒரே அட்டவணையில் இருந்தது. சுரங்கத்தின் வரலாறு முழுப் பத்தியாக இருந்தது. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு வாசற்படி தாண்டி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"இன்னாக்கா பண்ற?"

"கடைசி பெஞ்சு இங்கதான வரும். எனக்கு ஒண்ணும் தெரில. தங்கம் சுத்துது, அதான் தெரியுது."

"கிட்ட வந்து படி."

"எல்லாரும் கிட்ட வருவாங்களா? ஏய், நீ பேசப் போறியா, செவுரு பேசப் போவுதா? ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா யார் பேச்சத்தான் கேக்கறது?"

அப்புறம் அவள் அழிக்க ஆரம்பித்தாள். பத்தி போனது. தங்கக்கட்டி போனது. நான் வெயிலில் நடந்து சேர்த்த அட்டவணை முழுதாகப் போய், அந்த இடத்தில் இருமலின் அளவைக் காட்டும் மூன்று தூண்கள் வந்தன: மேட்டுக்கு அடியில், நடுவில், தள்ளி. இரண்டு தூண் சாம்பல் நிறம், மேட்டடித் தூண் மட்டும் சிவப்பு. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயத்துக்கு மேல் அவள் விடவில்லை. 'காற்றினால் ஏற்படும் பாதிப்புகள்' என்று நான் வைத்திருந்த தலைப்பை எடுத்துவிட்டு, 'மேட்டுக்குப் பக்கத்தில் இருமல் அதிகம்' என்று வைத்தாள். தலைப்பைப் படித்தாலே விஷயம் புரிந்துவிட வேண்டுமாம். இதையெல்லாம் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் நானும் போய்க் கற்றிருப்பேன். ஒவ்வொரு வரி மறையும்போதும் என் கால் வலித்தது. அவள் அழித்த பிறகு மிஞ்சியது நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. அது இன்னும் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாலகாட்டில் மிச்சமிருந்த வீடுகளுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அக்கா லேப்டாப் முன்னால் இருந்தாள். ஆனால் அது மூடியிருந்தது. எதிரில் அப்பா. இருவர் பக்கத்திலும் காலி டீ டம்ளர்கள். நான் செருப்பைக் கழற்றியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார். "இன்னா பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். "சும்மாடி. கேஜு, லெவலு, அந்தக் கதை" என்றாள் அக்கா. சுரங்கத்துக்குள் இறக்கும் அந்த இரும்புக் கூண்டைப் பற்றி, அது போய் நிற்கும் அடி ஆழங்களைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அவளிடம் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருந்தார். அதில் கிடைத்த வாக்கியத்தைத்தான் அவள் கருத்தரங்குக்கு முந்தைய நாள் கல்லூரிக் கணினியில் கடைசியாகச் சேர்த்திருக்கிறாள்.

கருத்தரங்கு நடந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமே கேட்டேன்.

"அவகிட்ட சொன்னத என்கிட்ட ஏம்பா சொல்லல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீயும் கேட்டம்மா. அந்தத் தாள வெச்சிக்கினு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்தத கேட்டுட்ட."

"அவ மட்டும் இன்னா கேட்டா?"

"தூசின்னா எப்படி இருக்கும் சித்தப்பான்னு கேட்டா. அப்புறம் ஒண்ணும் கேக்கல. சும்மா இருந்தா."

கோபித்துச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் என்னை இன்றுவரை விட மாட்டேன் என்கிறது.

பெங்களூர்ப் போட்டிக்கு எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மேடையில் ஒருவர்தான் பேசலாம் என்றார்கள். துறைத் தலைவி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அக்காவைக் காட்டினார். லேப்டாப்பின் பொத்தானைத் தட்டுவது என் வேலை. பெரிய அரங்கம், குளிரூட்டிய காற்று, முன்வரிசையில் நடுவர்கள். அப்பா எங்கள் இருவருக்கும் ஒன்றுபோல எடுத்த அந்தப் பூப்போட்ட சுடிதாரில் அக்கா நின்றாள். அவள் தலையசைப்பாள், நான் தட்டுவேன், ஸ்லைடு மாறும். சுவரில் கொஞ்சமாகத்தான் இருந்தது என்பதால் எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன. அப்பாவின் வாக்கியம் வந்தபோது அவள் அதைப் படிக்கவில்லை. அரங்கமே படிக்கட்டும் என்று காத்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து, இது என் கால், என் அப்பா, என் லேப்டாப் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கோப்பை கிடைத்தது. படம் எடுக்கும்போது அவள் என் தோளில் கைபோட்டு இழுத்து, கோப்பையின் ஒரு காதை என் கையில் கொடுத்தாள். அதற்காகவும் அவளைப் பிடிக்காமல் போயிற்று.

அதன் பிறகு வாழ்க்கை எனக்குச் சாதகமாகத்தான் நடந்தது. எனக்குப் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பெரியம்மாவைத் தனியே விட முடியாமல் அக்கா பக்கத்திலிருந்த பங்காருபேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையானாள், அங்கேயே திருமணமும் ஆனது. என் வேலை என்ன தெரியுமா? ஸ்லைடு செய்வது. மேலதிகாரிகள் பெரிய கூட்டங்களில் பேசப் போகுமுன் அவர்களுடைய நெரிசலான பக்கங்கள் என் மேசைக்கு வரும். நான் அழிப்பேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். சாம்பலுக்கு நடுவே ஒரு சிவப்பு. மேசையில் வைத்துவிட்டு அறையின் கடைசிக்குப் போய் நின்று பார்ப்பேன். 'உங்களுக்கு நல்ல கண்' என்று பாராட்டுவார்கள். ஒவ்வொரு பாராட்டிலும் அவள் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது தெரியும். சம்பளம் எனக்கு வருகிறது, பதவி எனக்கு வந்தது. அவளோ கரும்பலகையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்? கேள்வி சரிதான். பொறாமைக்குத்தான் அது காதில் விழவில்லை.

சென்ற வருடம் அப்பாவின் மூச்சு இன்னும் குறுகியது. எங்கள் பக்கத்தில் அவரைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறாதவர்கள், வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசுகிறவர்கள். நெஞ்சு டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியூருக்குத்தான் போக வேண்டும். ரயிலேறும் தெம்பு இருந்தால் டாக்டரே தேவைப்படாதே என்று அப்பா சிரிப்பார். பழைய தொழிலாளிகள் கூடி, வாரம் ஒருமுறையாவது ஒரு நெஞ்சு டாக்டர் இங்கே வர ஏற்பாடு செய்ய வேண்டுமென்று ஒரு கூட்டம் போட்டார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வர ஒப்புக்கொண்டார். தொழிலாளிகள் சார்பில் பேச அப்பாவை நிறுத்தினார்கள்.

வாரக்கடைசியில் நான் வீட்டுக்குப் போனபோது மேசையில் அக்காவின் லேப்டாப், பக்கத்தில் அக்கா, எதிரில் அப்பா. அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை அப்படியே எழுந்து வந்ததுபோல இருந்தது.

"செவுத்துல படம் போட்டு பேசலாம்னு கீறேன்மா. அதான் அக்காவ வரச் சொன்னேன்" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியாதாப்பா இந்த வேல? நான் தினமும் பண்றது அதுதான."

"உனக்கு ஆபீஸ் வேலையே ஜாஸ்தி. அவ பக்கத்துல கீறா."

அக்கா நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். உட்காராமல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். அதே வெள்ளை, அதே கறுப்பு. குறை இல்லை. கடைசி ஸ்லைடில் மட்டும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு நோயில் போன தன் ஷிப்ட் ஆட்கள் எல்லாருடைய பெயரும் அதில் வர வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். எதையும் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கேஜில் யார் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நினைத்து, அந்த வரிசையிலேயே சொன்னார். அக்கா தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். பெரியப்பாவின் பெயரைச் சொன்னபோது அப்பா கண்ணைத் திறக்கவில்லை. அக்காவின் விரலும் நிற்கவில்லை. பெயர்கள் திரையை நிரப்பி, எழுத்து சுருங்கிச் சுருங்கி எறும்பு வரிசையாகிவிட்டது.

"சித்தப்பா, இத பின்னால இருந்து யாராலயும் படிக்க முடியாது. இத்தன பேரு போயிட்டாங்கன்னு ஒரு எண்ணு மட்டும் பெருசா போடலாம். அந்தம்மாவுக்கு பட்டுனு புரியும்" என்றாள் அக்கா. என் அலுவலகமாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை நான் அவரை முந்திக்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நேரம் போனது. "எண்ணுன்னா... கம்பெனிகாரன் எண்ணுவான்மா" என்றார் கடைசியில். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் எண்ணல. கூட நின்னேன்" என்றார்.

"எல்லா பேரையும் போடுக்கா" என்றேன் நான். "இது படிக்கறதுக்கு இல்ல. வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒரு பேரத்தான் தேடுவாங்க. அது இல்லன்னா மத்ததெல்லாம் இருந்து இன்னா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.  "சரிடி" என்றாள். "நீ சொல்றதுதான் சரி."

அவளிடமிருந்து அந்தச் சொல் வருவதற்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! வந்தபோது எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. அப்பாவின் மனம் எனக்குப் புரிந்ததால் அப்படிச் சொன்னேனா, அவளை ஒருமுறையாவது தோற்கடிக்க வேண்டுமென்று சொன்னேனா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அப்பா கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். மூச்சுக்காக அவர் நின்ற இடங்களிலெல்லாம் ஸ்லைடு தாங்கிக்கொண்டது. இந்த முறை பொத்தானைத் தட்டியது அக்கா. கடைசி ஸ்லைடு வந்ததும் முன்வரிசைக்காரர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். பின்னாலிருந்து "ஒண்ணும் தெரிலப்பா" என்று ஒரு குரல் வந்தது. அக்கா சொன்னதுதான் நடக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் ஒரு கிழவி எழுந்து சுவரை நோக்கி நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம். பெண்களும் பிள்ளைகளுமாகச் சுவருக்கு முன்னால் கூடிவிட்டார்கள். புரஜெக்டர் வெளிச்சத்தை மறைத்து நின்றதால் பெயர்கள் அவர்கள் முதுகிலும் முந்தானையிலும் விழுந்தன. கூட்டத்தில் பெரியம்மாவும் இருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எதுடி? எதுடி உங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா லேப்டாப்பை விட்டுவிட்டு ஓடி, அம்மாவின் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்தாள். பெயர் சுவரிலிருந்து பெரியம்மாவின் புறங்கைக்கு ஏறியது. அந்தக் கையையே இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அதிகாரியும் எழுந்து வந்து கூட்டத்துக்குப் பின்னால் சும்மா நின்றார். குறிப்பெடுக்கவில்லை.

கேட்டது வாரம் ஒருமுறை. கிடைத்தது மாதம் ஒருமுறை. அந்த நாளில் ஒரு டாக்டர் வண்டியில் வந்து, சாயங்காலம் வரை நெஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். அப்பா முதல் ஆளாகப் போய் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களை முன்னால் அனுப்பிக்கொண்டிருப்பார்.

அன்று கூட்டம் கலைந்தபோது அப்பாவோடு வேலை செய்த ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "யார்ப்பா இதப் பண்ணது? இன்னாமா பண்ணிக்கீறாங்க!" என்றார். நான் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அக்கா தள்ளி, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்லைடில் பெயர்கள் இருந்தது என் வார்த்தையால் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

"எம் பொண்ணுங்க" என்றார் அப்பா.

பொண்ணு இல்லை. பொண்ணுங்க. அந்த 'ங்க' என் காதில் தனியாக விழுந்தது. அக்காவுக்கும் விழுந்திருக்க வேண்டும். ஒயரைச் சுற்றிய கை நின்றது.  தகப்பன் முகம் நினைவில்லாதவளுக்கு அந்த இரண்டு எழுத்து என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதைத் தரக்கூடாது என்று நினைக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் பெருந்தன்மை வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பெரியம்மாவை அக்கம்பக்கத்தாரோடு முன்னால் அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் ஆட்டோவுக்கு நின்றபோது, அப்பா யார் பக்கம் உட்காரப் போகிறார் என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்தது. அக்கா அந்தப்பக்கமாக ஏறினாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, மூச்சு வாங்க நடுவில் உட்கார்ந்தார். "நீயும் ஏறும்மா, இடம் கீது" என்றார்.